சாபம் எந்தக் குடி?

"பூட்டனுடைய பேர் என்ன, சகோதரி?"

பாஸ்டர் இப்படிக் கேட்டதும் என் தங்கை றீற்றா அவருடைய கிளாசில் ஊற்றிக்கொண்டிருந்த சோடாவைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அது றீற்றாவின் வீட்டு ஹோல். மேசை விசிறி ஒவ்வொரு கதிரையாகத் திரும்பிப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. றீற்றாவின் மகள் ஜெசி வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதம், வெளியே ஒன்றும் தெரியாது, ஆனாலும் கை அங்கேயேதான் இருந்தது. பக்கத்தில் அவள் புருஷன் அன்ரன். பாஸ்டருக்கு நேரெதிரே அன்ரனின் தாய் றோஸ்லின், மடியில் வேதப்புத்தகத்தை விரித்தபடி. நான் வாசலோரக் கதிரையில். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக வேலை பார்த்த காலத்திலிருந்தே எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. கதை பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் எழும்பிப் போகலாம்.

ஜெசிக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்து பிறந்தன. இரண்டும் மாதம் நிறைகிற நேரத்தில். இரண்டாவதைப் புதைத்துவிட்டு வந்த பின்னேரம் அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஏன் பெரியம்மா?"

ஆஸ்பத்திரி டாக்குத்தர் இரத்தம், சிறுநீர், ஸ்கான் எல்லாம் பார்த்துவிட்டு, "காரணம் பிடிபடவில்லை அம்மா, அடுத்த முறை தொடக்கத்திலேயே வாங்க, ஊசி போட்டுப் பார்ப்போம்" என்றார். அந்தக் காலத்தில் எங்களோடு பேசியவர்களில் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாத ஒரே மனிதர் அவர்தான். மற்றெல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது. முன்வீட்டுக்காரிக்கு அது கண்ணூறு. மீன் கொண்டுவருகிறவருக்கு அது வீட்டு வாசல் பார்த்த திசை. எங்கள் கோயிலில் பூசைக்கு முன் செபமாலை சொல்லிக்கொடுக்கிற அம்மாவுக்கு அது செய்வினை. நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். வேதக்காரர் வீட்டு ஓட்டோவிலும் செபமாலைக்குப் பக்கத்தில் எலுமிச்சங்காயும் மிளகாயும் தொங்கும். கேட்டால், அது வண்டிக்கு என்பார்கள்.

பாய்க் கதை

சாபம், சூனியம் என்றால் எங்கள் ஊருக்கு இருக்கிற பெயரும் லேசுப்பட்டதல்ல. மட்டக்களப்பார் ஆளைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று வடக்கே ஒரு கதை. எங்கள் கந்தோருக்கு அங்கிருந்து மாற்றலாகி வந்த ஒரு அதிகாரி அதை அப்படியே நம்பிக்கொண்டு வந்தார். கொஞ்சக் காலம் எங்கள் தேத்தண்ணியைத் தொடவில்லை. தன் பிளாஸ்கைத் தானே கொண்டுவருவார். ஒரு கல்யாண வீட்டில் பாய் விரித்து இருங்கள் என்றதற்கு, இடுப்பு வலி என்று சொல்லிச் சாப்பாடு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

எங்களுக்கு ஆளைப் பாயில் ஒட்டவைக்கத் தெரிந்திருந்தால், கட்டாருக்கும் கனடாவுக்கும் போன எங்கள் பெடியன்களை ஒட்டி வைத்திருக்க மாட்டோமா? இதை அவரிடமே கேட்டேன். சிரிக்கவில்லை, மனிதர்.

கடைசியில் புளியந்தீவில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். பாயில் ஒட்டியதாக ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பெண் வைக்கிற நண்டுக்கறியை நானும் சாப்பிட்டிருக்கிறேன். அதற்கு மந்திரம் தேவையில்லை.

கடல் வந்த பிறகு

சிரிப்புக் கதை அது. சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போன பிறகு, ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த முகாமில் கச்சேரி ஆட்களாகிய நாங்கள் சாமான் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு பிரசங்கி வந்தார். கழுத்தில் கட்டிய ரை, கையில் ஒலிபெருக்கி. கரையோரத்துச் சனங்களின் பாவம்தான் கடலாய் எழும்பி வந்தது என்றார். சோற்றுக்கு வரிசையில் நின்ற சனங்களுக்கு, சோறு கிடைக்க முதல் இது கிடைத்தது.

வரிசையின் முன்னால் பருப்பை வாங்கிக்கொண்டு நின்ற ஒரு பொம்பிளை கேட்டாள். "என்ட சின்னவனுக்குப் பால்பல்லே விழயில்ல. அவன் என்ன பாவம் செய்தவன்?"

"பெற்றவர்களுடைய பாவமாயிருக்கலாம், சகோதரி" என்றார் பிரசங்கி, மிகவும் சாந்தமாக.

அவள் கோப்பையில் இருந்த பருப்பை அப்படியே அவருடைய சப்பாத்தில் ஊற்றிவிட்டு, திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். நான் அவளுக்கு இரண்டு அகப்பை பருப்புக் கூட வார்த்தேன்.

இந்த மாதிரிப் பிரசங்கிகள் வேதத்தை எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. எருசலேமில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து ஆட்கள் செத்தார்கள். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்று அவரே சொல்லியும்விட்டார். பிறவிக் குருடன் கதையும் அப்படித்தான். குருடனுக்கு முன்னால் நின்றுகொண்டு, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். அவனுக்குக் கண்தான் தெரியாது. காது நன்றாகக் கேட்டிருக்கும். இருவருமில்லை என்று ஆண்டவர் சீடர்களின் வாயை அடைத்துவிட்டு, அவனுக்குப் பார்வை கொடுக்கிற வேலையைப் பார்த்தார்.

அவர் அடைத்த வாய்கள் இன்றைக்குத் திறந்துகொண்டு மைக் பிடிக்கின்றன.

குடிப் பிரச்சினை

ஹோலுக்குத் திரும்புவோம்.

இந்தப் பாஸ்டர் வெளியூர்க்காரர். எந்த ஊர் என்று எழுதினால் அந்த ஊர் ஆட்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். கல்லடியில் ஒரு ஜெபக்கூடம் தொடங்கி, பரம்பரைச் சாபம் முறிக்கிறவர் என்று பெயரெடுத்திருந்தார். றோஸ்லின் கொஞ்சக் காலமாக எங்கள் கோயிலை விட்டுவிட்டு அங்கே போய்வந்துகொண்டிருந்தாள். அவள்தான் கூட்டிக்கொண்டு வந்தவள்.

"பேர் தெரியாது பாஸ்டர்" என்றாள் றீற்றா. "ஜெசிட அப்பாட பூட்டன் பாம்புக்கடிக்குப் பார்க்கிறவராம். தண்ணி ஓதிக் குடுப்பாராம்."

றீற்றாவின் புருஷன் இறந்து பல வருஷம். அவருடைய பூட்டனை யாரும் கண்டதில்லை. ஆனால் பாஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மந்திரம். அந்நிய ஆவி. பிதாக்களின் பாவம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கப்படும் என்ற வசனத்தைச் சொல்லி விரலை மடக்கத் தொடங்கினார். வயிற்றுப் பிள்ளை ஐந்தாவது, அவருக்கு ஒரு தலைமுறை கூடிப்போனது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

அந்த வசனத்தை அடுத்து, ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்றும் இருக்கிறது. நாலுக்கு விரல் மடக்குகிறவர்கள் ஆயிரத்துக்கு மடக்குவதில்லை. பத்து விரல் காணாது போல.

அப்போதுதான் றோஸ்லின் குறுக்கே வந்தாள். "அது சரிவராதே பாஸ்டர்."

"ஏன் சகோதரி?"

"அவர் தகப்பன் வழிதானே. எங்கட பக்கம் புள்ள தாய்ட குடி. அந்தப் பூட்டன் வேற குடி, இவள் வேற குடி. அவர்ர சாபம் இவளில எப்பிடி இறங்கும்?"

மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் குடி என்பது தாய்வழியாக வருகிற வம்சம். தகப்பன் என்ன குடி என்றாலும் பிள்ளை தாயின் குடிதான். வேதத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆனபிறகும், கல்யாணப் பேச்சென்றால் ஞானஸ்நானம் எந்தக் கோயிலில் என்று கேட்க முதல் குடியைக் கேட்கிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். றோஸ்லின் அதில் முதல் ஆள்.

பாஸ்டர் மடக்கிய விரலோடு இருந்தார். அவர் படித்த இடத்தில் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அன்ரனுக்கு ஒரு சந்தேகம். "அப்ப அம்மா, நான் செய்யுற பாவம் என்ட புள்ளைக்குப் போகாதா?"

"போகாது மனே. உன்ட தங்கச்சி செய்தாத்தான் அவள்ட புள்ளைகளுக்குப் போகும்."

"அப்ப ஆம்பிளையள் எல்லாரும் விரும்பினபடி செய்யலாம்" என்றேன் நான். ஜெசி சிரித்துவிட்டாள். கன நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கண்டேன்.

பாஸ்டர் சிரிக்கவில்லை. கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபித்தார். பிறகு, கர்த்தர் ஒவ்வொரு தேசத்திலும் அந்தந்தத் தேசத்தின் முறைமைப்படி கிரியை செய்கிறார் என்றார். ஆகவே சாபம் தாய்வழியில் இருக்கிறது. ஒரு சோடா குடித்து முடிக்கிற நேரத்துக்குள் சாபம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறிவிட்டது. காணி உறுதிப் பத்திரம் மாற்றுவதற்கே எங்கள் கந்தோரில் இதைவிட அதிகம் கேள்வி கேட்போம்.

குளிர்த்தித் தண்ணீர்

"தாய்வழியில் அந்நிய வழிபாட்டோடு ஏதும் தொடர்பு உண்டா, சகோதரி? மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளையின் நன்மைக்காக."

நான் றீற்றாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் பார்த்தால்தானே. பிள்ளையின் நன்மைக்காக என்று சொன்னால் றீற்றா பிறந்த நாளிலிருந்து செய்ததெல்லாவற்றையும் ஒப்புவிப்பாள்.

"சின்னதில எனக்கு அம்மாள் வந்தது பாஸ்டர். அப்ப பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்கா கண்ணகையம்மன் கோயில் குளிர்த்தித் தண்ணி கொண்டுவந்து தந்தவ. நான் குடிச்ச."

அம்மாள் என்றால் அம்மை நோய். வைகாசியில் கண்ணகையம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு நடக்கும். அந்தத் தண்ணீரைச் செம்பில் எடுத்து, மேலே வேப்பிலை போட்டு, நோய் கண்ட வீடுகளுக்குக் கொடுப்பார்கள். பொன்னம்மாக்கா எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர். நாங்கள் வேதக்காரர் என்பது அவருக்குத் தெரியும். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குத் தண்ணி கொடுக்க அது அவருக்குத் தடையாக இருக்கவில்லை. எங்கள் அம்மா சிலுவை அடையாளம் போட்டுவிட்டு அதை வாங்கிக் கொடுத்தார். அம்மை மாறிய பிறகு எங்கள் வீட்டிலிருந்து அவருக்கு ஒரு பலாக்காய் போனது. அவ்வளவுதான் விஷயம். அன்பாகக் கொண்டுவந்த ஒரு செம்புத் தண்ணீரில் சாபம் எங்கே இருக்கும்?

பாஸ்டருக்கு இருந்தது. "அதுதான்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தத் தண்ணிய நானும்தான் குடிச்ச, பாஸ்டர்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை, சகோதரி?"

"இல்ல."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக, ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், அவர் குடித்த சோடா அவருக்குப் புரைக்கேற வேண்டும் என்று நினைத்தேன்.

"நான் கல்யாணமே கட்டயில்ல" என்றேன்.

"அதுவும் அதாலதான்" என்றாள் றோஸ்லின்.

தீர்ப்பு

ஜெபம் நீளமாக நடந்தது. முடிவில் தீர்ப்பு. பிள்ளை பிறக்கும்வரை ஜெசி தாயின் வீட்டில் இருக்கக்கூடாது. தாயின் கையால் சாப்பிடக்கூடாது. றீற்றா பேரப்பிள்ளையைத் தொடுவது அதற்குப் பிறகு, பாஸ்டர் சொல்லும்போது. தாயின் குடியில் பிறந்ததால் எனக்கும் அதே தடை.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். பெற்றவர்கள் பின்னறைக்கு ஒதுங்குவார்கள். றீற்றாவும் வீட்டை ஜெசிக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டுக் குசினிப் பக்கத்து அறையில் படுத்தவள். இப்போது வீட்டுக்காரி பெட்டி கட்டிக்கொண்டு கல்லடிக்கு மாமியார் வீட்டுக்குப் போனாள். வீட்டைக் கொடுத்தவள் தனியாக அதற்குக் காவல் இருந்தாள்.

நான் றீற்றாவைத் திட்டினேன். "உனக்கு மூளை இருக்காகா? குடிச்சது வேப்பிலைத் தண்ணி. அதுக்குப் போய் பெத்த புள்ளைய அனுப்புறியா?"

"ரெண்டு புள்ளையப் புதைச்சாச்சு அக்கா. நான் தள்ளி நிண்டா ஒண்டு தங்குமெண்டா, நான் நிக்கன்."

அதற்குப் பிறகு அவளைத் திட்ட முடியாது. ஆகவே பாஸ்டரைத் திட்டினேன்.

சோற்றுப் பார்சல்

எனக்கு முழங்கால் வருத்தம், சமைக்கவும் பஞ்சி, அலுப்பு. றீற்றா அந்த மாதங்களில் ஒவ்வொரு மத்தியானமும் எனக்குச் சோறு கட்டித் தருவாள். வாட்டின வாழையிலையில் சோறு, இறால் குழம்பு, கீரை, பொரித்த மோர்மிளகாய். மகளுக்குச் சமைக்க முடியாத கை எனக்குச் சமைத்தது.

ஜெசி புளியந்தீவில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்தாள். என் வீட்டிலிருந்து ஓட்டோவில் ஐந்து நிமிஷம். ஒருநாள் பார்சலை எடுத்துக்கொண்டு போனேன். கேற்றுக்கு வெளியே மரநிழலில் அவள் பொதியைப் பிரித்து ஒரு வாய் வைத்தாள். அப்படியே நின்றாள்.

"இது அம்மாட கறி."

"ஓம். வேணாமெண்டா தா, நான் கொண்டுபோறன்."

அவள் பொதியைத் தரவில்லை. கண் கலங்கிவிட்டது. "சாபமெண்டாச் சாபம் பெரியம்மா. எனக்குப் பசிக்குது" என்றாள். இலையை வழித்துச் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து பிரசவ லீவு எடுக்கும்வரை பள்ளிக்கூட நாளெல்லாம் அதுதான் நடந்தது. நான் வீட்டில் கடைப் பாணும் சம்பலும் சாப்பிட்டேன். றீற்றாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் பயத்தில் சமைப்பதையே விட்டுவிடுவாள். கிளினிக்கில் ஜெசிக்கு நாள்தோறும் வயிற்றில் ஊசி போடச் சொன்னார்கள். அன்ரனே போடப் பழகிக்கொண்டான். றோஸ்லின் உபவாசம் இருந்தாள். நான் என் பங்குக்கு ஒவ்வொரு நாளும் பூசைக்குப் போனேன். சாபத்தை நம்பாதவளுக்கும் பயம் இருக்கும்தானே.

ஆஸ்பத்திரி விறாந்தை

பெண்பிள்ளை. ஒப்பரேசன் செய்து எடுத்தார்கள். முதல் சத்தமே வெளியே நின்றவர்களுக்கும் கேட்கிற அளவுக்கு இருந்தது என்று அன்ரன் எல்லாருக்கும் சொன்னான்.

ஊசி வேலை செய்ததா, ஜெபம் வேலை செய்ததா, சும்மா கிடைத்த கொடையா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. டாக்குத்தரும் தெரியாது என்றுதான் சொன்னார். றோஸ்லினுக்குத் தெரிந்திருந்தது. ஜெபக்கூடத்தில் சாட்சி சொல்ல அடுத்த ஞாயிறு என்று நாளே குறித்துவிட்டாள்.

அடுத்த நாள் பார்வை நேரத்துக்குப் போனேன். வார்ட்டுக்கு வெளியே விறாந்தையில், சுவரோடு ஒட்டி, றீற்றா நின்றுகொண்டிருந்தாள். கையில் பிளாஸ்க். உள்ளே போகிறவர்களுக்கு வழிவிட்டு விலகி விலகி நின்றாள்.

"ஏன்கா வெளியில நிக்காய்?" என்று கேட்டேன்.

"புள்ள நல்லா இருக்காம் அக்கா. முடி நிறைய இருக்காம். அது காணும்."

"வா உள்ளுக்கு."

"இல்ல அக்கா." அவள் அழவில்லை. கணக்குப் பார்த்து முடித்தவள் போலச் சொன்னாள். "நான் பக்கத்தில நிண்ட ரெண்டும் போச்சு. நான் தள்ளி நிண்டது தங்கிச்சு. இதுக்குப் பாஸ்டர் வந்து சொல்லவேணுமா? நானே கண்டுட்டன்தானே."

இந்த மனிதர்கள் செய்த வேலையைப் பாருங்கள். பிள்ளை இறந்திருந்தாலும் குற்றவாளி இவள். பிள்ளை உயிரோடு இருந்தபோது அதுவே இவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நல்லது நடந்த இடத்திலும் இந்தச் சாபக்காரர்கள் ஒருத்தியைக் கொல்லாமல் போகமாட்டார்கள்.

என்னிடம் ஒரு துருப்பு இருந்தது. அதை எடுத்துப் போட்டேன்.

"தள்ளி நிண்டாயா? நீ எனக்கெண்டு கட்டித் தந்த சோத்தையெல்லாம் யாரு திண்டது எண்டு நினைக்காய்? நான் ஒரு வாய் வைக்கயில்ல. ஜெசிதான் திண்ட. உன்ட கைச் சோத்தில வளந்த புள்ளகா உள்ளுக்குக் கிடக்குது."

அவள் முகம் தெளியும் என்று நான் நினைத்திருந்தேன்.

தெளியவில்லை. வெளிறிப்போனது. "என்ன வேலை பாத்தாய் அக்கா" என்றாள். பிளாஸ்கை என் கையில் திணித்தாள். "புள்ளைக்கு மூச்சு சரியா வருதா? ஆரும் பாத்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள். அந்த வயதில் அவள் அப்படி ஓடியதை நான் கண்டதில்லை.

என் முழங்காலோடு நான் கட்டிலடிக்குப் போய்ச் சேர முதலே அவள் துணியை விலக்கிப் பிள்ளையைத் தூக்கிவிட்டாள். மூக்கில் காதை வைத்தாள். நெஞ்சில் கையை வைத்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு வார்ட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தியது.

றோஸ்லின் கதிரையிலிருந்து எழும்பினாள். "றீற்றா, பாஸ்டர் இன்னும் சொல்ல..."

"மாமி, நீங்க இருங்க" என்றாள் ஜெசி, படுத்தபடியே. பெரிய சத்தமில்லை. தையல் போட்ட வயிறு. றோஸ்லின் இருந்துவிட்டாள்.

றீற்றா அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். பிள்ளை அதில் இருந்தது. அவள் அசையாமல் நின்றாள். கீழே வைக்கவும் பயம், பிடிக்கவும் பயம். பிள்ளை கத்தி முடித்து, அவள் சட்டைப் பொத்தான் பக்கமாக முகத்தைத் திருப்பிப் பால் தேடத் தொடங்கியது.

"அக்கா" என்றாள் என்னைப் பார்த்து, மெல்ல. "தொட்டுட்டனே. இனி வைக்கட்டா?"

"வைக்காத" என்றேன்.